தொட்டி சார்

நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த வட்டத்தில் தேடினாலும் இவர் ஒருவர் அகப்படுவார். பால் பூத் வாசலில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சட்டைப் பையில் கம்பெனி அடையாள அட்டை, கண்ணில் நைட் ஷிப்ட் முடித்த சிவப்பு. வலது கையை மட்டும் கவனியுங்கள். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருக்கும். நகக்கண்ணில் பச்சை. இடது கையைவிட அந்தக் கைக்கு நாலைந்து வயது கூடுதலாகத் தெரியும். ஷிப்ட் முடிந்து வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தண்ணீருக்குள் போய்விடும் கை அது. அக்கம்பக்கத்தில் அவர் பெயர் தொட்டி சார்.

அவரிடம் "மீனெல்லாம் நல்லா இருக்கா சார்?" என்று கேட்டுவிடாதீர்கள். முகம் சுண்டிப்போகும். அவர் மீன் வளர்ப்பவர் அல்ல. 'பிளாண்டட் டேங்க்' வைத்திருப்பவர். நாலடிக் கண்ணாடித் தொட்டியில் செடிகள்தான் கதாநாயகர்கள், நியான் டெட்ரா மீன்கள் கூட்டத்தோடு வந்துபோகும் துணை நடிகர்கள். வாஸ்துவுக்காக ஒற்றை அரோவானாவை வளர்க்கும் எதிர்வீட்டுக்காரரை அவர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. "அது தொட்டி இல்ல சார், வெறும் தண்ணி" என்பார்.

ஹாலில் முருகன் படத்துக்குக் கீழே தகாஷி அமானோ படம். மீன் தொட்டிக்குள் மலையையும் புல்வெளியையும் காட்டையும் அமைக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டிய ஜப்பானியப் புகைப்படக் கலைஞர். அவர் 2015-ல் காலமானபோது தொட்டி சார் இரண்டு வேளை சாப்பிடவில்லை. விசாரித்த பக்கத்து வீட்டம்மாவிடம், "இவருக்குத் தூரத்துச் சொந்தம்" என்று சொல்லிச் சமாளித்தார் அவர் மனைவி.

அமானோவைப் போல் காடு வளர்க்கத்தான் ஆசைப்பட்டார். வளர்ந்தது பாசி.

நமக்கெல்லாம் பாசி என்றால் வழுக்கும், அவ்வளவுதான். அவருக்கு அதில் சாதி, குலம், கோத்திரம் எல்லாம் உண்டு. புதுத் தொட்டியில் பழுப்பாகப் படிவது டயாட்டம். "குழந்தைக்குப் பல்லு மொளைக்கிறப்ப வர்ற காய்ச்சல் மாதிரி, தானாப் போயிடும்" என்று அதை மன்னித்துவிடுவார். கண்ணாடியில் பச்சைப் புள்ளி விழுந்தால் பாஸ்பேட் பற்றவில்லை. தண்ணீரே பச்சையானால் எங்கோ அம்மோனியா. மண்ணைக் கிளறியிருப்பீர்கள், அல்லது ஏதோ ஒரு மீன் செத்து மூலையில் கிடக்கும். நீலப்பச்சையில் தோல்போல் படர்ந்து நாறினால், "அது பாசியே இல்ல சார், பாக்டீரியா" என்று குரலைத் தாழ்த்துவார், ஏதோ குடும்ப ரகசியத்தைச் சொல்வதுபோல.

அவருடைய ஜென்ம விரோதி கறுப்புத் தாடி. செடியின் இலை விளிம்பில் கறுப்பாக மீசை அரும்பும். நாலு வாரத்தில் தாடியாகிவிடும். அதன் மேல் நடக்கும் தாக்குதலைப் பார்த்திருக்கிறேன். பில்டரை நிறுத்திவிட்டு, தண்ணீர் அசைவற்று நின்றதும், ஊசி நீக்கிய சிரிஞ்சில் ஹைட்ரஜன் பெராக்சைடை உறிஞ்சி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இலை ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுவார். இலையிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பும். இரண்டு மூன்று நாளில் கறுப்புத் தாடி இளஞ்சிவப்பாக மாறும். உண்மையில் அது சிவப்புப் பாசி இனம். சாகும்போதுதான் சுயநிறம் காட்டுகிறது. அன்றைக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காபி உண்டு.

ஆனால் அந்தத் தாடியை வரவழைப்பதும் அவரேதான். இங்கேதான் நெய்வேலியின் வினோதம். செடி வளரக் கரியமில வாயு வேண்டும். வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றால் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும். இரவு பகல் பாராமல் அவை ஊதித் தள்ளுவதில் அந்த வாயுவுக்குக் குறைவே இல்லை. தொட்டி சாரோ இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்டும் வெதுவெதுப்பான தண்ணீரும் ஊற்றி, மூடியில் ஓட்டை போட்டு டியூப் சொருகி, குமிழ் குமிழாக எண்ணிக்கொண்டிருப்பார். ஈஸ்ட் அவர் சொல்பேச்சுக் கேட்காது. முதல் இரண்டு நாள் பொங்கித் தள்ளும், பிறகு படிப்படியாகச் சோர்ந்துவிடும். வாயு இப்படி ஏறி இறங்குவதுதான் கறுப்புத் தாடிக்குப் பிடித்த சூழல். போதாததற்கு ஹால் முழுக்கப் புளித்த வாசம். "சார் வீட்டுக்குள்ளயே என்னமோ காய்ச்சுறார்" என்று அந்த வரிசை வீடுகளில் ஒரு பேச்சு நெடுநாள் ஓடிற்று.

"கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால பொதைஞ்ச செடிதான் சார் பழுப்பு நிலக்கரி. 1956-லேர்ந்து இந்தக் கம்பெனியே செத்த செடிய வெச்சு ஓடுது. நான் உயிரோட ஒரு செடிய நிமிர்த்த முடியல" என்று ஒருநாள் மனம்விட்டுச் சொன்னார். அவர் வேலை பார்ப்பது அனல் மின் நிலையத்தில். அங்கே குளிர்விக்கும் தண்ணீரில் பாசி பிடிக்காமலிருக்கக் குளோரின் விடுவார்கள், கதை முடிந்தது. வீட்டுத் தொட்டியில் அந்த வித்தை செல்லாது. பாசிக்கு முன்னால் மீன் போய்விடும்.

இன்னொரு தொல்லை வெளிச்சம். செடித் தொட்டிக்கு ஆறு முதல் எட்டு மணி நேர விளக்கு தாராளம். தொட்டி சாருக்கு அது தெரியும், நமக்கும் பாடம் எடுப்பார். ஆனால் பகல் ஷிப்ட் முடிந்து வந்தால் தொட்டியைப் பார்க்க வேண்டும், இரவு ஷிப்டுக்குப் போகுமுன்னும் பார்க்க வேண்டும், நடுவில் விருந்தாளி வந்தால் காட்ட வேண்டும். ஆகப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும். 2012-ல் தமிழ்நாடே மணிக்கணக்கில் மின்வெட்டில் தவித்தபோது விருத்தாசலத்து மைத்துனர் வீட்டுத் தொட்டியில் பாசி மருந்துக்கும் இல்லை. டவுன்ஷிப்பில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தனக்கு மட்டும் கடவுள் ஓரவஞ்சனை செய்வதாக இன்றைக்கும் புலம்புகிறார். கடைசியில், ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கும் மனிதர், தொட்டியை மூன்று நாள் கம்பளியால் போர்த்தி இருட்டில் வைத்தார். பச்சைத் தண்ணீர் தெளிந்தது. கம்பளியை எடுத்த அன்று கொண்டாட்டமாக ராத்திரி பதினொரு மணிவரை விளக்குப் போட்டார்.

வேகமாக வளரும் செடி நிறைய இருந்தால், தண்ணீரிலுள்ள சத்தை அது தின்றுவிடும், பாசிக்கு மிஞ்சாது. ஏரிக்கரையில் வேலம்பாசி சும்மா கிடைக்கிறது. அது அவர் கௌரவத்துக்கு ஒத்துவராது. இருநூறு கிலோமீட்டர் பஸ்ஸில் போய், சென்னைக் கொளத்தூர் மீன் கடைகளில் புரண்டு, ஈர நியூஸ்பேப்பரில் சுற்றிய ஒரு பிடி வெளிநாட்டுப் புல்லை மடியில் வைத்துக்கொண்டு வருவார். மே மாத வெயிலில் அது திண்டிவனம் தாண்டுவதற்குள் கீரையாகிவிடும்.

ஒருமுறை கம்பெனி அவரை ராஜஸ்தானில் உள்ள பர்சிங்சர் சுரங்கத்துக்கு இரண்டு மாத வேலையாக அனுப்பியது. போகும்போது மனைவியிடம் இரண்டு பக்கக் குறிப்பு, ஆறு வகைக் குப்பி. திரும்பி வந்து பார்த்தால் தொட்டி பளிங்கு.

"என்ன மருந்து போட்ட?"

"மருந்தா? வெளக்கு வெக்கிறப்ப லைட்டப் போட்டேன், சீரியல் முடிஞ்சதும் அணைச்சேன். மீனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை. ஞாயித்துக்கிழமை பாதித் தண்ணிய எடுத்து ரோஜாச் செடிக்கு ஊத்திட்டு, குளோரின் எடுக்கிற அந்தச் சொட்டு மருந்த விட்டு புதுத் தண்ணி ரொப்பினேன். அவ்வளவுதாங்க."

குப்பிகளின் சீல்கூட உடைந்திருக்கவில்லை. இரவு முழுக்க யோசித்துவிட்டு மறுநாள் காலையில் தொட்டி சார் தீர்ப்புச் சொன்னார்: "டவுன்ஷிப் தண்ணியில என்னமோ மாத்திட்டாங்க." அந்த வாரமே புது உரம் வந்தது. பின்னாலேயே பாசியும் வந்தது.

இப்போது அவர் தொட்டியில் ஒரு 'டேங்க் கிளீனர்' இருக்கிறது. விரல் நீளத்தில் வாங்கினார், பாசி தின்னும் என்று. கொஞ்ச நாள் தின்றது. இப்போது ஒரு அடி தாண்டிவிட்டது. பாசியைத் திரும்பிப் பார்ப்பதில்லை, செடிகளைப் பிடுங்குகிறது, அது போடும் கழிவே பாசிக்கு உரம். கொன்றால் பாவம், விற்றால் ஆளில்லை. சுரங்கத் தண்ணீர் போய்ச் சேரும் வாலாஜா ஏரியைப் பற்றிச் சில நாட்களாக அடிக்கடி பேசுகிறார்.

அதனால் ஒரு வேண்டுகோள். மூடிய வாளியோடு சாயங்கால வேளையில் ஏரிப் பக்கம் யாராவது ஸ்கூட்டரில் போனால் நிறுத்துங்கள், வலது கையைப் பாருங்கள். அது தென் அமெரிக்க மீன்; முதுகெல்லாம் கவசம், நம் ஏரியில் அதைத் தின்ன அநேகமாக எதுவும் இல்லை, மீனவர் வலையைக் கிழிக்கும், சந்தையிலும் விலைபோகாது. வாளியோடு அவரை அப்படியே மீன் கடைக்குத் திருப்பி விடுங்கள். வாங்கிய கடைக்காரரிடமே கொடுத்துவிடச் சொல்லுங்கள். பதிலுக்கு அவர் வேறு எதையும் வாங்கிக்கொண்டு வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.