சும்மா கிடைக்கிற படிப்பு

தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் வேறு. வெல்டருக்கு ஓராண்டு, ஃபிட்டருக்கு இரண்டாண்டு. அப்பாக்கள் அசைவார்களா? காசு வாங்காத இடத்தில் படிப்பு எப்படி உருப்படும்! நாலு வருஷத்துக்கு லட்சக்கணக்கில் கட்டி, பையனை பி.இ. மெக்கானிக்கலில் தள்ளினால்தான் மனசு ஆறும்.

கம்பெனியில் வேலை பழகிக்கொண்டே உதவித்தொகை வாங்க 1961இலேயே அப்ரென்டிஸ் சட்டம் வந்துவிட்டது. சட்டம் சீனியர் சிட்டிசன் ஆகிவிட்டது. கல்யாணச் சந்தையில்தான் இன்னும் அமலுக்கு வரவில்லை.

போன மே மாதம் சித்தப்பா வீட்டு ஏ.சி. படுத்துக்கொண்டது. மெக்கானிக்கல் முடித்த தம்பி ரிமோட்டின் பேட்டரியை மாற்றிப் பார்த்தான். தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். நாலு நாள் கெஞ்சிய பிறகு மெக்கானிக் வந்தார். சோப்பு நுரை தடவி, காப்பர் குழாயில் கேஸ் கசியும் இடத்தைக் கண்டுபிடித்துப் பற்றவைத்தார்.

"என்ன தம்பி படிச்சிருக்கீங்க?"

"ஐ.டி.ஐ. சார்."

"அடடா, காலேஜ் போயிருந்தா நல்லா வந்திருப்பீங்களே!" என்று வருத்தப்பட்டபடி சித்தப்பா 3,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தார்.