வாரண்டி அட்டையும் உரைமரபும்: எறையூர் ஹீட்டரை முன்வைத்து ஓர் ஆய்வு

வாரண்டி அட்டை என்பது தமிழில் இதுவரை முறையாகப் பதிப்பிக்கப்படாத ஒரு நூல். அதற்கு மூலம் உண்டு, உரை உண்டு, பாடபேதம் உண்டு, இடைச்செருகல் நிச்சயம் உண்டு. இருந்தும் தமிழ்த்துறைகள் அதன் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இக்குறையை நீக்கும் பொருட்டு, பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டம் எறையூரில், குளியலறைச் சுவரில் தொங்கியபடியே இரண்டாவது மார்கழியைக் காணாமல் உயிர்விட்ட ஹீட்டர் ஒன்று இங்கே ஆய்வுப்பொருளாகிறது. கம்பெனியின் பெயர் ஆய்வறம் கருதியும், வக்கீல் நோட்டீஸ் கருதியும் மறைக்கப்பட்டுள்ளது.

முன்னாய்வுகள்: இல்லை. ஆகவே இனி வருவோர் அனைவரும் என்னை மேற்கோள் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

களம்: எறையூரில் தமிழ்நாடு சர்க்கரைக் கழகத்தின் ஆலை இருக்கிறது. 2022 நவம்பரில் சிப்காட் தொழிற்பூங்காவும் திறக்கப்பட்டது. செருப்புத் தயாரிக்க முதலீடு கடல்தாண்டி இவ்வூரைத் தேடி வந்துவிட்டது. ஹீட்டர் பார்க்க ஒருவர் பெரம்பலூரைத் தாண்டி வருவதுதான் பாக்கி.

மூலப்பிரதி: பில்லும் அட்டையும் சேர்ந்ததே மூலம். இவற்றுள் பில், வழவழப்பான தெர்மல் தாளில் அச்சானது. வெயில் பட்டால் வெளுக்கும், எண்ணெய்க் கை பட்டால் வெளுக்கும், பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் இன்னும் நன்றாக வெளுக்கும். சிறுவயதில் அரியலூரிலும் குன்னத்திலும் வாழ்ந்து, செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகைப் பாடம் கேட்ட உ.வே.சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுமுன் செல்லரித்த ஏடுகளோடு மல்லுக்கட்டினார். செல் அரித்தது போக அவருக்கு எழுத்து மிஞ்சியது. எனக்குத் தாள் மட்டும் மிஞ்சியது. எனவே வாங்கிய தேதியை அகச்சான்று கொண்டே நிறுவ வேண்டியதாயிற்று: “உங்க வீட்டுல பைப்பு உடைச்சு ஓட்டை போட்டாங்களே, அன்னிக்குத்தான் எங்க மாடு கன்னு போட்டுச்சு” (எதிர்வீட்டு அத்தை, வாய்மொழி மரபு, வாசல் பதிப்பு). கன்றின் வயது இருதரப்பாரும் ஒப்புக்கொண்டது.

உரையாசிரியர்கள் மூவர். முதலாமவர் கடைக்காரர். “கண்ண மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க சார், அஞ்சு வருஷத்துக்குத் திரும்பியே பாக்க வேணாம்” என்பது அவர் செய்த பாயிரம். விற்பனைக்குப் பின் அவர் உரை எழுதுவதில்லை. இரண்டாமவர் கஸ்டமர் கேர். இவர் உரை பெரும்பாலும் இசையாகவே கிடைக்கிறது. மூன்றாமவர் டெக்னீஷியன், இவரே உச்சிமேற்கொள்ளத்தக்கவர், ஏனெனில் ஸ்க்ரூடிரைவர் இவரிடம் இருக்கிறது.

அட்டையின் யாப்பு எளிது. மொத்த மெஷினுக்கு ஒரு காலம், காயிலுக்கு அதைவிட நீண்ட காலம், டேங்குக்கு இன்னும் நீண்ட காலம். எது சீக்கிரம் கெடுமோ அதற்குக் குறைவு, எது கெடாதோ அதற்கு நிறைவு என்று கொள்க. எலி கடித்த வயருக்கும் ஏறி இறங்கும் வோல்டேஜுக்கும் வாரண்டி கிடையாது. இதில் ஆராய ஒன்றுமில்லை.

ஆராய வேண்டியது “கடின நீரால் விளையும் பழுது நீங்கலாக” என்ற ஒரே வரி (வாரண்டி அட்டை, பின்பக்கம், பூதக்கண்ணாடிப் பதிப்பு). டெக்னீஷியன் காயிலை உருவி எடுத்தார். வெள்ளைக் கல் கவசம் போட்டிருந்தது. பார்த்தவுடன் உரை பிறந்தது: “உப்புத் தண்ணி சார். வாரண்டி வராது.”

எவ்வளவு உப்பு என்று மூலநூலார் சொல்லவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், ஐஎஸ் 10500, சொல்கிறது: லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை ஏற்கத்தக்கது; வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை போகலாம். ஆகவே மனித வயிற்றுக்கு அரசு எல்லை வகுத்திருக்கிறது. ஹீட்டரின் வயிற்றுக்குக் கம்பெனி வகுக்கவில்லை. எல்லை வகுக்காத விதியில் உரையாசிரியர் வைத்ததே எல்லை என்பது தமிழாய்வுலகம் நன்கறிந்த நெறி.

இனிக் குற்றவாளியைத் தேடுவோம். காயிலைக் கொன்றது கல். கல்லைத் தந்தது நீர். மண்ணில் கரியமில வாயுவை ஏந்திக்கொண்டு இறங்கும் மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்கிறது. சூடேற்றினால் வாயு பறந்துவிடும், கரைந்தது மறுபடி கல்லாகிக் காயிலில் படியும். நீருக்குச் சுண்ணாம்பைத் தந்தது நிலம். நிலத்துக்குத் தந்தது கடல். ஆம், கடல். கிரீடேசியக் காலத்தில் இன்றைய அரியலூர்ப் பகுதியைக் கடல் மூடியிருந்தது. அது விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லில்தான் அரியலூர் சிமென்ட் ஆலைகள் பிழைக்கின்றன. அது விட்டுச்சென்ற அம்மோனைட் புதைபடிவங்களைத்தான் 19ஆம் நூற்றாண்டில் தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா வரிசைப்படுத்தி எழுதினார். ஆக, பழுதுக்குக் காரணம் பல கோடி ஆண்டுகளுக்கு முன் வீட்டைக் காலி செய்தபோது சுண்ணாம்பை அள்ளிப்போகாமல் விட்ட கடல். எதிர்மனுதாரராக அதையே சேர்க்க வேண்டும் (காண்க: டீக்கடை பெஞ்ச் விவாதக் கோவை, மழைநாள் அமர்வு, இரண்டாம் டீக்குப் பிந்தைய பகுதி, மறுப்புரை: வடை போடுபவர், அடுப்படியிலிருந்து).

ஒரு தடை எழுப்பலாம். அந்தக் கடல் எறையூர்வரை வரவில்லை. எறையூர் அதன் கரைக்கு வடமேற்கே, பழைய கெட்டிப்பாறைமேல் அமர்ந்திருக்கிறது. உண்மைதான். ஆனால் ஊரை முதலில் முடிவுசெய்துகொண்டு கடலைப் பிறகு வரவழைப்பது நம் ஆய்வுலகில் புதிதல்ல. கடல் கொண்ட நாடுகளின் எல்லையை இதைவிடத் துணிச்சலாக வரைந்தவர்கள் மாலை மரியாதை பெற்றிருக்கிறார்கள். பாறை இடுக்கில் ஊறும் போர் தண்ணீரும் உப்பாகவே இருப்பதால் என் முடிவுக்குச் சேதமில்லை.

மேலும், ஒப்பாய்வுக்கு இதே மாவட்டத்துச் சாத்தனூர்க் கல்மரத்தைக் கொள்க. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது, 18 மீட்டர் நீளம், மரம் கல்லாகி ஏறத்தாழ 12 கோடி ஆண்டு. அதைச் சுற்றி வேலி போட்டு அரசு காக்கிறது. அதே சாதனையை என் காயில் வாரண்டிக் காலத்துக்குள்ளேயே செய்துமுடித்தது. அதற்குக் கிடைத்தது “வாரண்டி வராது.” எறையூர் ஆலையிலும் கரும்புச் சாற்றைச் சுண்டக் காய்ச்சும் குழாய்களில் இப்படித்தான் செதிள் கட்டும். ஓட்டத்தை நிறுத்திச் சுத்தம் செய்வார்கள். கரும்பின்மேல் யாரும் பழிபோடுவதில்லை.

இக்கண்டுபிடிப்பைப் பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசிக்க அழைப்பு வந்தது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஜூமில் “கேக்குதா? கேக்குதா?” என்று கேட்டுவிட்டால் கருத்தரங்கு பன்னாட்டினதாகிவிடும். கட்டுரைக்கு ஐஎஸ்பிஎன் எண் உண்டு, கட்டணம் தனி.

சட்டநூல் வழக்கு: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில். இது உரையின்றியே பொருள் விளங்கும் நூலாதலால் அறிஞர்களால் புறக்கணிக்கப்பட்டது. நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். அசையாவிட்டால் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கம்பெனி எந்தப் பட்டணத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். 5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும், மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ உத்தரவிடவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வழக்கை 3 மாதத்தில், சோதனை தேவையென்றால் 5 மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். முயற்சி திருவினையாக்கும்.

நான் ஆணையத்தின் படியேறவில்லை. “எத்தனை மில்லிகிராமுக்கு மேல் போனால் கடின நீர்? அந்த எண் அட்டையில் எந்த வரியில் இருக்கிறது? நான் வாங்கும்போது யார் சொன்னார்கள்?” என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு, 1915இல் பெற்ற முறையீட்டு எண்ணையும் குறிப்பிட்டேன். மூன்றாம் உரையாசிரியர் தம் பழைய உரையைத் தாமே மறுத்து, கையில் அட்டைப்பெட்டியோடு எழுந்தருளினார்.

மாற்று ஹீட்டர் மாட்டப்பட்டது. அதன் வாரண்டி பற்றி வினவினேன். பழைய ஹீட்டருக்கு மிச்சமிருந்த காலம் எவ்வளவோ அவ்வளவுதானாம் (வாரண்டி அட்டை, மடிப்புக்கு உள்பக்கம், ஸ்டேப்ளர் பின் துளைத்த வரி; உடன் காண்க: டெக்னீஷியன், ஏணிமேல் நின்று அருளியது, வாயில் ஸ்க்ரூ இருந்தமையால் இரு சொற்கள் சிதைந்துள்ளன). ஆக, பெட்டி பிரித்த அன்றே அதற்கு வயது ஒன்றே கால். இன்லெட் பைப்புக்கும் மாட்டிய கூலிக்கும் வாரண்டி கிடையாது என்றார். கொடுத்தேன். போகும்போது கல்லாகிப்போன பழைய காயிலையும் எடுத்து வைத்துக்கொண்டார். அது ஆய்வு மூலம், எனக்கே வேண்டும் என்றேன். கம்பெனி சொத்து சார், என்றார்.