பறக்காவிட்டாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு மட்டும்

விமான டிக்கெட்டைப் பற்றி நம்மவர்களிடம் அசைக்க முடியாத ஒரு நம்பிக்கை இருக்கிறது. விமானம் கிளம்பக் கொஞ்ச நேரம் இருக்கும்போது போய் நின்றால், காலியாகக் கிடக்கும் சீட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்பதே அது. இந்த நம்பிக்கை பிறந்த இடம் காய்கறிச் சந்தை. இருட்டுகிற நேரத்தில் கத்திரிக்காய்க்காரர் கூறு கட்டி வைத்துக்கொண்டு, வந்த விலைக்குக் கொடுக்கிறார். மறுநாள் வரை வைத்திருந்தால் காய் வாடிவிடும். விமானம் கிளம்பிவிட்டாலோ காலி சீட்டு வாடக்கூடச் செய்யாது, அப்படியே மறைந்துபோகும். அப்படியானால் சீட்டு கத்திரிக்காயைவிட வேகமாக அல்லவா மலிய வேண்டும்? தர்க்கத்தில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் நாளைக் காலை விமானத்தின் விலையைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. என் கட்சி இது: கடைசி நேர மலிவு டிக்கெட் என்பது உண்மையிலேயே உண்டு. ஆனால் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி என்றிருப்பவருக்காகவே அது படைக்கப்பட்டிருக்கிறது. போயே தீர வேண்டியவர் கண்ணில் அது படாது.

சந்தைக்கும் விமானத்துக்கும் உள்ள வேறுபாடு, கடைசியில் வருகிறவர் யார் என்பதில் இருக்கிறது. இருட்டிய பிறகு சந்தைக்கு வருகிறவர் சிக்கனக்காரர். விமானத்துக்குக் கடைசியில் வருகிறவர், நாளைக் காலை மும்பையில் மீட்டிங் இருப்பதாக இன்று மாலை தகவல் கிடைத்த அதிகாரி. டிக்கெட் பணம் அவருடையதல்ல, கம்பெனியுடையது. அல்லது ஊரில் அப்பா ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருப்பதாகப் போன் வந்தவர். இவர் விலையைப் பார்ப்பார், ஆனால் பார்த்துவிட்டு வாங்காமல் இருக்க மாட்டார். சிக்கனக்காரரோ மே மாத லீவுக்குப் பிப்ரவரியிலேயே வாங்கி முடித்துவிட்டார். பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் வேலை பார்த்த கென் லிட்டில்வுட் 1972-இல் இதை ஒரு சூத்திரமாகவே எழுதிவிட்டார். இன்று 4,000 ரூபாய் கொடுக்க ஒருவர் தயார். அதே சீட்டுக்கு நாளை 12,000 கொடுக்க ஒருவர் வரக்கூடும் என்று வைத்துக்கொள்வோம். அவர் வருவதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கு மேல் இருந்தால், இன்று வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். காலி சீட்டோடு பறப்பது நஷ்டம் என்று நாம் பரிதாபப்படுகிறோம். அவர்களைப் பொறுத்தவரை, 12,000 ரூபாய்க்காரர் வரும்போது சீட்டு இல்லாமல் போவதுதான் நஷ்டம்.

இந்தச் சூத்திரத்துக்குப் பல் முளைத்தது அமெரிக்காவில். 1978-இல் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகு, 1981-இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற நிறுவனம் எல்லோருக்கும் எப்போதும் மலிவு என்று கிளம்பியது. பழைய பெரிய நிறுவனங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் ராபர்ட் கிராண்டல் 1985 ஜனவரியில் பதில் கொடுத்தார். முன்கூட்டியே வாங்குகிறவருக்கு அதே மலிவு விலை. கடைசி நேரத்தில் வருகிறவருக்குப் பழைய விலை. ஒரே விமானத்தில் எத்தனை சீட்டை எந்த விலைக்கு விடுவது என்பதைக் கம்ப்யூட்டர் அன்றாடம் கணக்குப் போட்டது. எல்லோருக்கும் மலிவாகக் கொடுத்தவர் 1987-இல் காணாமல் போனார். அன்றிலிருந்து உலகத்தில் விமான டிக்கெட் விற்கிற யாரும் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. மறக்காமல் இருக்க வேண்டியவர்கள் நாம்தான். நாம்தான் மறந்துவிட்டு, கிளம்புகிற நாள் வரை காத்திருக்கிறோம்.

‘மலிவு விலை ஸ்டாண்ட்பை டிக்கெட் என்று ஒரு காலத்தில் இருந்ததே?’ என்று கேட்பார்கள். இருந்தது. 1977 செப்டம்பர் 26 அன்று ஃப்ரெடி லேக்கர் என்ற ஆங்கிலேயர் ஸ்கைட்ரெயின் சேவையைத் தொடங்கி, லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுனுக்கு ஆளை ஏற்றினார். முன்பதிவு கிடையாது. போகிற அன்று வரிசையில் நின்று வாங்க வேண்டும். சீட்டு தீர்ந்தால் மறுநாள் மறுபடி நிற்க வேண்டும். பதறிப்போன பெரிய நிறுவனங்களும் போட்டிக்கு ஸ்டாண்ட்பை கட்டணத்தைக் கொண்டு வந்தன. ஆனால் அந்த வரிசையில் நின்றவர்கள் யார்? படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்து லண்டன் நடைபாதையில் தூங்கத் தயாராக இருந்த மாணவர்கள். செவ்வாய்க்கிழமை போனாலும் வியாழக்கிழமை போனாலும் ஒன்றுதான் என்றிருந்தவர்கள். டிக்கெட்டின் ஒரு பகுதியை அவர்கள் பவுனாகவும் மறுபகுதியை நாளாகவும் செலுத்தினார்கள். கடன் உள்ளிட்ட பல காரணங்களால் 1982 பிப்ரவரி 5 அன்று லேக்கர் நிறுவனம் மூழ்கியது. வரிசையும் கலைந்தது. ஸ்டாண்ட்பையின் பொற்காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் அந்த நடைபாதையையும் சேர்த்து நினைத்துக்கொள்வது நல்லது.

நம் நாட்டிலும் ஒரு பொற்காலம் உண்டு. கேப்டன் கோபிநாத் 2003-இல் ஏர் டெக்கானைத் தொடங்கி ஒரு ரூபாய்க்கு டிக்கெட் கொடுத்தார். அந்தக் கதையைத் தழுவி வந்த ‘சூரரைப் போற்று’ படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு ரூபாய் நினைவிருக்கும். அந்த டிக்கெட் முந்திக்கொண்டவருக்குத்தான் கிடைத்தது என்பது நினைவிருக்காது. தாமதமாக வந்தவருக்கு அதே விமானத்தில் விலை ஏறிக்கொண்டே போனது. அந்த ஏற்றம்தான் ஒரு ரூபாய்க்காரரைத் தூக்கிக்கொண்டு பறந்தது. கொரோனா காலத்தில் இன்னும் விசேஷம். 2020 மே 25 முதல் 2022 ஆகஸ்ட் 31 வரை உள்நாட்டுக் கட்டணத்துக்கு அரசாங்கம் வரம்பு கட்டியது. உச்ச வரம்பு மட்டுமல்ல, அதற்குக் கீழே விற்கக் கூடாது என்று ஒரு தரையையும் போட்டது. டில்லி–மும்பை தூரத்துக்கு முதலில் வைத்த தரை 3,500 ரூபாய். மனமிரங்கி மலிவாகக் கொடுக்க ஒரு நிறுவனம் நினைத்திருந்தாலும் சட்டம் தடுத்திருக்கும். நினைத்த நிறுவனம் எது என்று கேட்காதீர்கள்.

‘ரயில்வே கொடுக்கிறதே!’ என்பது அடுத்த ஆட்சேபம். நியாயமான ஆட்சேபம்தான். சார்ட் போட்ட பிறகு மிஞ்சும் இடங்களுக்குக் கரண்ட் புக்கிங்கில் அடிப்படைக் கட்டணத்தில் பத்து சதவீதத் தள்ளுபடி என்று 2017-இல் ரயில்வே கொண்டு வந்தது. ஆனால் பொங்கலுக்கு முந்தைய இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் சார்ட் போட்ட பிறகு இடம் மிஞ்சியதாக யாராவது சொன்னால், அவருடைய பெயரை அல்வாவோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தள்ளுபடி உண்மை, தள்ளுபடி செய்வதற்கான சீட்டுதான் கற்பனை. இடம் மிஞ்சுகிற ரயில், யாரும் போக விரும்பாத நாளில், யாரும் போக விரும்பாத நேரத்தில் ஓடுகிறது. மக்கள் உண்மையில் முட்டி மோதுகிற கடைசி நேரத்துக்கு அதே ரயில்வே 1997-இலேயே தட்கல் என்று ஒன்றை வைத்து, கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டிருக்கிறது. இதில் விமான நிறுவனத்தின் பேராசையைத் தேடிப் பயனில்லை. லாபமே குறிக்கோள் இல்லை என்று சொல்லிக்கொள்ளும் அரசுத் துறையும் அவசரத்துக்கு விலை வைத்துத்தான் விற்கிறது.

இணையத்தில் உலாவும் உபாயங்களுக்கு வருவோம். இன்காக்னிட்டோவில் தேடு, குக்கீயை அழி, செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கு என்று ஆளுக்கொரு விரதம் சொல்கிறார்கள். நம் குக்கீயை நோண்டி நம் அவசரத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய கஷ்டம் அந்தக் கம்ப்யூட்டருக்கு இல்லை. நாளைக் காலைக்கு டிக்கெட் தேடுகிறோமே, அதைவிடவா ஒரு வாக்குமூலம் வேண்டும்? தீபாவளி என்றைக்கு என்பதும் அதற்குத் தெரியும். முன்கூட்டியே வாங்கியவர்தான் எப்போதும் புத்திசாலி என்றும் நான் சொல்ல வரவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகக் கணினி அறிஞர் ஓரன் எட்சியோனி, வெகு முன்னதாகவே வாங்கிவிட்டு விமானத்தில் ஏறியவர். அக்கம்பக்கத்தில் விசாரித்தால், பிறகு வாங்கியவர்கள் குறைவாகக் கொடுத்திருந்தார்கள். அந்த எரிச்சலில் விலையைக் கணிக்கும் ஃபேர்காஸ்ட் பிறந்தது. 2008-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி, சில ஆண்டுகள் கழித்துக் கணிப்பையே நிறுத்திவிட்டது. விலை நடுவில் இறங்கி ஏறும் என்பது இதிலிருந்து கிடைக்கும் நீதி. அந்த நடு என்பது பெரும்பாலும் வாரக்கணக்கில் முன்னால் இருக்கிறது. போர்டிங் கேட்டின் வாசலில் இல்லை.

பேரம் பேசியும் பார்த்துவிட்டார்கள். 1998-இல் அமெரிக்காவில் தொடங்கிய பிரைஸ்லைன், உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள் என்றது. சொல்லலாம். ஆனால் எந்த நிறுவனம், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் பணம் கட்டிய பிறகுதான் தெரியும். கட்டிய பணம் திரும்பாது. விமானத்துக்கு அந்தச் சேவையை 2016-இல் நிறுத்திவிட்டார்கள். இன்றைய வாரிசுகளும் அதே குலம்தான். ஹங்கேரியின் விஸ் ஏர் 2024-இல் 499 யூரோவுக்கு ஆண்டுச் சந்தா விற்றது. ஒவ்வொரு முறையும் பத்து யூரோவுக்கு ஒரு சென்ட் குறைவாகக் கட்டிப் பறக்கலாம். கிளம்புவதற்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் பதிவு செய்ய முடியும், அதுவும் இடம் இருந்தால். அமெரிக்காவின் ஃபிரான்டியர் சந்தாவில் உள்நாட்டுப் பயணத்துக்கு முந்தின நாள்தான் கதவு திறக்கும். போய்ச் சேரலாம், திரும்பி வருவதற்கு உத்தரவாதம் இல்லை. திங்கட்கிழமை ஆபீசில் யாரும் தேடாதவர்களுக்கு இதைவிட நல்ல திட்டம் கிடையாது. விமான நிறுவன ஊழியர்களையே பாருங்கள். சலுகை டிக்கெட்டில் உலகம் சுற்றும் பாக்கியசாலிகள் அவர்கள். ஸ்டாண்ட்பை பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டு, முழுப் பணம் கட்டியவர்கள் கடைசி ஆள் வரை ஏறி முடியும் மட்டும் கேட்டருகே புன்னகையோடு காத்திருப்பவர்களும் அவர்கள்தான்.

கடைசி நேரத்தில் பணம் பார்க்கவே முடியாதா என்றால், முடியும். ஏறுவதில் அல்ல, இறங்குவதில். சிலர் வரமாட்டார்கள் என்ற கணக்கில் இருக்கிற சீட்டைவிட அதிகமாக விற்பது நிறுவனங்களின் பழக்கம். எல்லோரும் வந்து தொலைத்துவிட்டால் என்ன செய்வது? யார் குறைந்த தொகைக்கு விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்குப் பணம் கொடுத்து அடுத்த விமானத்தில் அனுப்பலாம் என்று பொருளாதார அறிஞர் ஜூலியன் சைமன் 1968-இல் எழுதினார். நிறுவனங்கள் சிரித்தன, பத்தாண்டு கழித்து அமெரிக்க அரசு அதை ஏற்றுக்கொண்டதும் சிரிப்பு நின்றது. நம் விமானத் துறை விதிகளிலும் முதலில் முன்வருவோரைக் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. விரும்பாதவரை இறக்கிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானமும் தராவிட்டால், தாமதத்தைப் பொறுத்து 10,000 அல்லது 20,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. இங்கேயும் பணம் யாருக்கு இனிக்கிறது என்று கவனியுங்கள். அவசரம் இல்லாதவருக்கு அது வரவு. முகூர்த்தத்துக்குப் போகிற மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு அது சாபம்.

கடைசி ஆட்சேபம் மனசாட்சியின் ஆட்சேபம்: துக்கத்துக்குப் போகிறவரிடமுமா இப்படி? இது சிரித்துத் தள்ளக்கூடியதல்ல. வளைகுடாவிலிருந்து கடைசியாக ஒரு முறை முகம் பார்க்க ஓடி வருகிறவரும், லாபக் கணக்கோடு பறக்கிற அதிகாரியும் கம்ப்யூட்டருக்கு ஒரே ஆள். சில மேல்நாட்டு நிறுவனங்கள் துக்கக் கட்டணம் என்று ஒரு சலுகை வைத்திருக்கின்றன. ஏர் கனடாவின் இணையதளத்து அரட்டை இயந்திரம், பயணம் முடிந்த பிறகும் அந்தச் சலுகையைக் கேட்டுப் பெறலாம் என்று ஒரு பயணியிடம் சொல்லிவிட்டது. நிறுவனம் தர மறுத்தது. இயந்திரம் சொன்னதற்கு இயந்திரமே பொறுப்பு என்கிற தொனியில் வாதாடியும் பார்த்தது. 2024-இல் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. விலையை ஏற்றும்போது கம்ப்யூட்டர் நிறுவனத்தின் சொத்து, சலுகை சொல்லும்போது மட்டும் தனி ஆள் என்றால் யார்தான் ஒப்புவார்கள்? சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடுகிறவர்களுக்கு ஒரு உச்ச வரம்பு வைப்பது நம் அரசாங்கத்தால் ஆகாத காரியமல்ல. 27 மாதம் எல்லோருக்குமே வைத்துக் காட்டியிருக்கிறது.

அது வருகிற வரைக்கும் வழி எளிது. தேதி நிச்சயமாகத் தெரிந்தால் சில வாரங்களுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். வாங்கிய பிறகு விலையைப் பார்க்காதீர்கள். தேதி முக்கியமில்லை என்றால், மலிவான நாளை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, போக வேண்டிய காரணத்தைப் பிறகு தேடிக்கொள்ளுங்கள். உண்மையான அவசரம் என்றால் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேருங்கள். யாரோ பாதி விலைக்கு வந்ததாகச் சொன்னால், அவருக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.