பதிமூணு காயிதமும் ஒரு பேராண்டியும்

வாடா பேராண்டி, அந்தத் திண்ணையில உக்காரு. சிக்மகளூர் காபித் தோட்டத்துல இருந்து பொங்கலுக்கு மலை ஏறி வந்துட்ட, சந்தோசம். நீ இல்லாதப்ப ஒரு சேதி ஆயிப்போச்சி. 2025 டிசம்பர் 19-ம் தேதி, திருத்தின வாக்காளர் பட்டியல் ஒட்டினாங்க. உன் பேரு அதுல இல்ல.

மூஞ்சிய அப்படி வெக்காத, நீ ஒண்ணும் சாகல. செத்தவங்க கணக்கு தனி. தமிழ்நாடு முழுக்க அது 27 லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. நீ 'எடம் மாறிப் போனவன், ஊட்டுல இல்லாதவன்' கணக்கு. அதுல 66 லட்சத்துக்கு மேல இருக்காங்க. ரெண்டு எடத்துல பேரு இருந்தவங்களும் எல்லாஞ் சேந்து 97 லட்சத்துச் சில்லறை. 6 கோடியே 41 லட்சமா கொழுகொழுன்னு இருந்த பட்டியல் 5 கோடியே 43 லட்சமா எளைச்சிப்போச்சி. இவ்ளோ பெரிய கூட்டத்துல நம்மூட்டுப் பையனும் ஒருத்தன்னா எனக்கும் கௌரவந்தான்.

ஆனா தப்பு உம்மேலதான்டா. பட்டியலைத் திருத்தறதுக்கு நவம்பர் 4-ல இருந்து ஊடு ஊடா படிவம் குடுப்பாங்கன்னு அக்டோபர் 27-ம் தேதியே டெல்லியில சொல்லிட்டாங்க. நீ இன்னா பண்ணிருக்கணும்? மேஸ்திரிகிட்ட வாங்கின அட்வான்சைத் திருப்பிக் குடுத்துட்டு, வாசப்படியில குந்திக்கினு இருந்திருக்கணும். படிவம் குடுக்கற அந்த பி.எல்.ஓ. பொண்ணு பாவம், இந்தப் பாறையில மூணு தடவ ஏறி வந்திச்சி. விதியும் மூணு தடவதான். மூணு தடவையும் உன் ஊட்டுல ஒரு பூட்டும் ரெண்டு கோழியும் இருந்திச்சி. கோழிகிட்ட கையெழுத்து வாங்க முடியுமா? "சாமை ஊட்டுக்கு வந்துட்டா மலையில வேல ஏதும்மா, புள்ளைங்க பொழைக்கப் போயிருக்குதுங்க"ன்னு நான் சொன்னேன். பொழைக்கப் போறதுக்குப் படிவத்துல கட்டம் இல்லியாம்.

சரி வுடு. ஜனவரி 18-ம் தேதிக்குள்ள 6-ம் நம்பர் படிவம் எழுதிக் குடுத்தா மறுபடி சேத்துக்குவாங்களாம். கூட ஒரு காயிதம் வெக்கணும். எது எது செல்லும்னு பதிமூணு சொல்லிருக்காங்க. வாத்தியாரைப் படிக்கச் சொல்லி ஒவ்வொண்ணா கேட்டுக்கினு வந்தேன்.

பாஸ்போர்ட்டு. நீ போன தூர தேசம் சிக்மகளூர்தான். அடுத்தது சர்க்கார் உத்தியோக அட்டை. நம்ம வம்சத்துல உத்தியோகம்னா உங்கப்பன் பாத்த நூறு நாள் வேலதான். அந்த அட்டையை ஓட்டுப் போடற அன்னிக்கு பூத்துல காட்டினா உள்ள வுடுவாங்களாம், பட்டியல்ல பேரு சேர்க்க மட்டும் செல்லாதாம். வாசல்ல சந்தனம் குடுக்கறான், பந்தியில எல போட மாட்டேங்கறான்.

ஆதார் செல்லும். 2025 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு சொன்ன பிறவு சேத்துக்கினாங்க. ஆனா அது நீதான் நீன்னு மட்டுந்தான் சொல்லுமாம், நீ இந்த நாட்டு ஆளுன்னு சொல்லாதாம். உங்க பாட்டி என்னைப் பத்திச் சொல்றாப்புலதான். ஆளு யாருன்னு தெரியுது, எதுக்கு இருக்கறான்னு தெரியலன்னு.

அப்புறம் குடிமக்கள் பதிவேடுன்னு ஒண்ணு, அது அசாம்ல மட்டுந்தான் கீது. பதிமூணாவதைக் கேட்டுட்டு சிரிச்சிச் சிரிச்சி எனக்கு இருமலே வந்துட்டுது. பீகார்ல திருத்தின பட்டியலோட நகலாம்! ஜவ்வாது மலையில சாமை வெதைக்கறவன் பீகார் பட்டியலுக்கு எங்கடா போவான்? நீ சரின்னா சொல்லு, பாட்னா பக்கம் ஒரு பொண்ணு பாத்துடலாம்.

நீ பொறந்ததுலயும் யோசனை பத்தலடா. 1987 ஜூலை 1-க்கு முந்திப் பொறந்திருந்தா உன் காயிதம் மட்டும் போதும். அதுக்கு மேல 2004 டிசம்பர் 2 வரைக்கும் பொறந்தவன் அப்பன் ஆத்தாள்ல ஒருத்தர் காயிதமும் காட்டணும். அதையும் தாண்டிப் பொறந்தா ரெண்டு பேருதும். நீ 2003. சாட்சி உங்க பாட்டிதான், கொடியறுத்தவ அவதான். தேதி கேட்டா, மேட்டுப் பலா மொத மொத காய்ச்ச வருசம்னு சொல்லுவா. பள்ளிக்கூடத்துல வலது கையைத் தலமேல சுத்தி எடது காதைத் தொடச் சொன்னாங்க. தொட்டுட்ட, ஜூன் 1-ன்னு எழுதிட்டாங்க. உங்கூடச் சேந்த பயலுங்க அம்புட்டுப் பேரும் ஜூன் 1. பத்தாவது முடிச்சிருந்தா அந்தச் சான்றிதழே ஒரு காயிதம். நீ ஒம்பதாவதோட படிச்சி முடிச்ச மகராசன்.

சாதிச் சான்று செல்லுமேங்கறியா? உங்கப்பன் அதுக்குத்தான் ஒரு ஆபீசுக்குப் போனான். அங்க புதுசா வந்த ஒருத்தரு நம்ம சாதிப் பேரு 'மலையாளி'ன்னு பாத்துட்டு, "பாலக்காடா, திருச்சூரா?"ன்னு கேட்டாராம். காஞ்சிபுரத்துல இருந்து மலை ஏறின கூட்டம்னு நம்ம கெழவனுங்க கதை சொல்லுவானுங்க. நமக்கும் கேரளாவுக்கும் இருக்கற ஒரே ஒறவு மெளகு பறிக்கற கூலிதான். சட்டத்துல 'வட ஆற்காடு மாவட்டத்து மலையாளி' பழங்குடின்னு போட்டிருக்குது. அந்த மாவட்டத்தை 1989-ல ரெண்டாப் பிரிச்சாங்க, அந்தப் பேருல இன்னிக்கு மாவட்டமே கெடையாது. ஈரோட்டுப் பக்கம் பர்கூர் மலையில இருக்கற மலையாளி உசுரோட கீறான், அவன் மாவட்டம் அந்தப் பழங்குடிப் பட்டியல்ல இல்ல. இல்லாத மாவட்டம் காயிதத்துல வாழுது, இருக்கற ஆளுக்குக் காயிதத்துல எடமில்ல. இந்த வித்தை புரிஞ்சா நீ கலெக்டர் ஆயிடலாம்.

வன உரிமைப் பட்டாவும் செல்லும். சட்டம் 2006-ல வந்திச்சி. என் மனு இன்னும் பரிசீலனையில கீது. உன் தங்கச்சிக்கும் அந்த மனுவுக்கும் ஒரே வயசு.

இதெல்லாம் புதுசுன்னு நெனைக்காத. மொதல் தேர்தல், 1951-52-ல நடந்ததே, அப்ப வடக்கே பொம்பளைங்க பேரு சொல்லக் கூச்சப்பட்டுக்கினு, 'இன்னாரு பொண்டாட்டி, இன்னாரு ஆத்தா'ன்னு எழுதிக் குடுத்தாங்களாம். சுகுமார் சென்னு ஒருத்தரு அப்போ தலைமைத் தேர்தல் ஆணையரு. பேரு இல்லாதவங்களைப் பட்டியல்ல வெக்க முடியாதுன்னுட்டாரு. 28 லட்சம் பேரு போச்சி. உங்க பாட்டி இன்னி வரைக்கும் எம்பேரச் சொன்னதில்ல, 'இந்தாய்யா'தான். நல்லவேளை, அவ பேரை மட்டும் கூச்சமில்லாம சொல்லிடுவா.

2015 ஏப்ரல் 7 ஞாபகம் இருக்கா? நீ சின்னப் பையன். ஆந்திராவுல சேஷாசலக் காட்டுல 20 பேரைப் போலீசு சுட்டாங்களே, செம்மரம் வெட்டினானுங்கன்னு. மறுநாளு நம்ம மலை பேரெல்லாம் பேப்பர்ல வந்திச்சி. அன்னிக்கு எந்த மலைக்காரன்னு சொல்றதுக்கு ஒருத்தனும் பதிமூணு காயிதம் கேக்கல. வுடு, பொங்கலும் அதுவுமா அந்தப் பேச்சி எதுக்கு.

இன்னாடா, கண்ணு கலங்குது? இத்தினி நேரம் பேசினேன், ஒண்ண மட்டும் சொல்லல. 2002, 2005-ல திருத்தின பழைய பட்டியல் ஒண்ணு கீது. அதுல அப்பன் பேரோ தாத்தா பேரோ இருந்தா அதைப் புடிச்சே ஏறிக்கலாமாம். எம்பேரு இருக்குது, வாத்தியாரு போன வாரமே தேடி எடுத்துட்டாரு. பாகம் நம்பரு, வரிசை நம்பரு எல்லாம் எழுதி அந்தத் தேன் டப்பாவுக்கு அடியில வெச்சிருக்கேன்.

கைய நீட்டாத. சும்மா குடுத்துடுவனா? பட்டி வேலி சாஞ்சி ரெண்டு மாசம் ஆவுது, மொதல்ல அதைக் கட்டு. அப்புறம் போன்ல படிவம் போடு. ஓ.டி.பி. இங்க வராது, சிக்னல் பாறைக்குத்தான் ஏறணும். எப்படியும் ஏறத்தான போற, இந்த ஆடுங்களையும் ஓட்டிக்கினு போயிடு.