கான்ஃபிகரேஷன் மாமா

நீட் முடிவு வந்த மறுநாளிலிருந்து இரண்டு பேருக்குத் தூக்கம் கிடையாது. ஒருவர், கோச்சிங் சென்டர் பேனரில் பிள்ளைகளின் படத்தை ஒட்டுகிறவர். இன்னொருவர், டில்லி மயூர் விஹாரில் குடியிருக்கும் கான்ஃபிகரேஷன் மாமா.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது பென்ஷன் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் டில்லியில் எம்.பி.பி.எஸ். கிடைத்த தமிழ்ப் பிள்ளைகளின் வீட்டுப் போன்களில் அவர் இந்தப் பெயரில்தான் பதிவாகியிருப்பார். ‘அங்கே நமக்கு ஒரு மாமா இருக்கார், லேப்டாப்பை அவர் பாத்துப்பார்’ என்று கைமாறிக் கைமாறி அந்த எண் கோவில்பட்டி வரை போயிருக்கிறது.

மருத்துவத்தோடு மாமாவுக்குள்ள தொடர்பு சர்க்கரையும் பிரஷரும் மட்டும். கம்ப்யூட்டரோடு உள்ளது கொஞ்சம் ஆழமானது. 1980களின் கடைசியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, ஏ.சி. அறைக்குள் வீற்றிருந்த கம்ப்யூட்டரைக் கண்ணாடிக்கு வெளியே நின்று சேவித்திருக்கிறார். உள்ளே போவதானால் செருப்பைக் கழற்ற வேண்டும். பிறகு முட்டி மோதி வேர்ட்ஸ்டார் கற்றுக்கொண்டார். கற்று முடித்த சூட்டோடு ஆபீஸ் வேறு சாஃப்ட்வேருக்கு மாறிவிட்டது. ஒருநாள் அவசரக் கோப்பை அடித்துக்கொண்டிருந்தபோது ‘மெமரி போதாது’ என்று திரை கைவிரித்தது. தன் பிரமோஷன் தள்ளிப்போனது அதனால்தான் என்பது மாமாவின் கட்சி. தனக்குத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் இனி மெமரி குறையக் கூடாது என்று அன்றே சபதம் எடுத்துவிட்டார்.

லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் சேர வந்திருக்கும் கோவில்பட்டிப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். 1916-இல் தொடங்கி, இன்றுவரை எம்.பி.பி.எஸ்.ஸில் பெண்களை மட்டுமே சேர்க்கும் கல்லூரி அது. அந்தப் பெருமையை அப்பா சொல்லி முடிப்பதற்குள் மாமா, “பட்ஜெட் என்ன சார்?” என்பார். என்ன படிப்பு, என்ன பாடம் என்பதெல்லாம் அவருக்கு அநாவசியம். சொன்ன பட்ஜெட்டைக் கேட்டு அவரே வருத்தப்பட்டு, அவரே அதை இருபதாயிரம் உயர்த்துவார்.

“அனாடமின்னா சும்மாவா சார்? இப்பல்லாம் உடம்பையே கம்ப்யூட்டர்ல திருப்பித் திருப்பிப் பாக்கறா. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லேன்னா ஈரல் இருக்கிற இடத்துல சதுரம் சதுரமாத் தெரியும். அப்புறம் குழந்தை எதைப் பாத்து ஆபரேஷன் பண்ணும்?”

பெற்ற மகள் சதுர ஈரலை அறுக்கும் காட்சி அப்பாவின் கண்ணில் ஓடும். அதோடு அவர் கை பர்ஸுக்குப் போய்விடும்.

அடுத்து நேரு பிளேஸ் படலம். வயலட் லைன் மெட்ரோவில் இறங்கி வெளியே வந்தால், “லேப்டாப்? டோனர்?” என்று நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். ‘சாஃப்ட்வேர்’ என்பதை மட்டும் குரலைத் தாழ்த்திக் காதோரம் சொல்வார்கள். திருட்டு மென்பொருளுக்காக அமெரிக்க அரசின் ‘பேர்போன சந்தைகள்’ பட்டியலில் இடம்பிடித்த பேட்டை இது. பாடல் பெற்ற தலத்தைச் சுற்றிக் காட்டுகிற பெருமிதத்தோடு மாமா அதைச் சொல்வார்: “அமெரிக்காக்காரனே எழுதி வெச்சிருக்கான் சார்!”

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவருடைய இந்தியில் எது ஆண்பால், எது பெண்பால் என்பது முடிவாகவில்லை. ஆனால் பேரம் நிற்காது. இரண்டு மணி நேரம் வாதாடி ஆயிரத்தைந்நூறு ரூபாய் குறைப்பார். குறைத்த சந்தோஷத்தில் கூலிங் பேட், கீபோர்டு உறை, இரண்டு கம்பெனி ஆன்ட்டிவைரஸ் என்று மூவாயிரத்துக்குத் தலையில் கட்டிவிடுவார். பில் வேண்டாமென்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் என்று கடைக்காரர் கண்ணைச் சிமிட்டும்போது மட்டும் மாமா நெருப்பாகிவிடுவார். “பில் இல்லேன்னா வாரன்ட்டி இல்லே!” அன்று அவர் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான யோசனை அதுதான்.

சார்ஜரையும் சேர்த்துத் தூக்கினால் மூன்று கிலோ வரும் அந்த லேப்டாப்போடு பெண் விடுதிக்குப் போகிறாள். முதல் வருஷம் அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. ஒரு பேராசிரியரும் கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றி விசாரிக்கவில்லை. அவர்கள் கேட்டது வெள்ளை ஏப்ரன், டிசெக்‌ஷன் செட், ரெக்கார்டு நோட்டு, பிறகு ஊதாவில் ஒன்றும் ரோஸில் ஒன்றுமாகக் கலர் பென்சில். திசுவை ஹீமடாக்சிலின், இயோசின் என்ற இரண்டு சாயங்களில் தோய்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், செல்லின் உட்கரு ஊதாவாகவும் சுற்றியிருப்பது ரோஸாகவும் தெரியும். அதைப் பார்த்துக் கையால் வரைய வேண்டும். வரையாவிட்டால் ரெக்கார்டில் கையெழுத்து விழாது. பல ஆயிரம் ரூபாய் கிராஃபிக்ஸ் கார்டுக்கு இந்த இடத்தில் வேலையே இல்லை.

அடுத்த வாரம், “அப்பா, போன் செட் வாங்கணும்” என்று ஊருக்குத் தகவல் போனது. சீனியர்களிடம் பேரம் பேசி வாங்குகிற எலும்புகளைத்தான் அவள் சொன்னாள். அப்பா பதறி மாமாவைக் கூப்பிட, மாமா கொஞ்சமும் அசரவில்லை. “அதுக்குள்ளேயா? சரி, ஃபைவ் ஜியாப் பாத்து வாங்கச் சொல்லுங்கோ.”

படிப்பதற்கு பி.டி. சௌராசியாவின் அனாடமிப் புத்தகம் இருக்கிறது. மனப்பாடம் பண்ண அன்கி என்றொரு செயலி. ஒரு விஷயத்தை நாம் எப்போது மறப்போம் என்று கணக்குப் போட்டு, மறக்கிற தறுவாயில் கேள்வி கேட்கும். கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டு போனிலும் அதற்குக் காசில்லை. ஐபோனில்தான் காசு. பழைய டப்பா லேப்டாப்பில்கூட ஓடும். ஆராய்ச்சி ஆசை வந்தால் மாணவர்களுக்கென்றே ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் நடத்தும் குறுகிய கால உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. அந்த ஆராய்ச்சியின் புள்ளிவிவரக் கணக்குக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. உருவாக்கிய எபி இன்ஃபோ இலவசம். கட்டுரை அடிக்க லிப்ரே ஆபீஸும் இலவசம்.

இலவசத்தை மாமா ஒப்புக்கொள்ளவே மாட்டார். அவரைப் பொறுத்தவரை சாஃப்ட்வேர் என்றால் காசு கொடுத்து வாங்கணும், இல்லாவிட்டால் காதோரம் சொல்கிற ஆளிடம் வாங்கணும். “சும்மா தர்றான்னா உள்ளே ஏதோ இருக்கு.”

அந்த ஆன்ட்டிவைரஸ் இரண்டும் ஒன்றையொன்று சந்தேகப்பட்டு முறைத்துக்கொண்டதில் லேப்டாப் ஆமையாகிவிட்டது. ஒன்றை எடுத்துவிடலாமா என்று கேட்டால், மாமா எய்ம்ஸ் கதையை ஆரம்பிப்பார். 2022 நவம்பர் 23-ஆம் தேதி ஹேக்கர்கள் டில்லி எய்ம்ஸின் 5 சர்வர்களைத் தாக்கி, சுமார் 1.3 டெராபைட் தகவலைப் பூட்டிவிட்டார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் புறநோயாளிச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் கையெழுத்தில்தான் ஓடியது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததுதான் காரணம் என்று அரசு பிறகு நாடாளுமன்றத்தில் சொன்னது. மாமாவின் தீர்ப்பு வேறு: “அதுக்குத்தான் ரெண்டு ஆன்ட்டிவைரஸ் போடணுங்கறது!” அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியை அந்த இரண்டு வாரமும் பேனாவும் பேப்பரும் காப்பாற்றின என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

“முதல் மாசம் எதுவும் வாங்காதடி. அப்புறம் 8 ஜிபியில லேசா, சார்ஜ் நிக்கிற மாதிரி ஒண்ணு வாங்கு. நோட்ஸை ரெண்டு இடத்துல சேமிச்சு வை, அவ்வளவுதான்” என்று விடுதி அக்கா ஒருத்தி சொன்னாள். இதைச் சொல்ல அவள் இரண்டு மாதம் பிந்திவிட்டாள்.

மாமா கெட்டவர் இல்லை. ஊர்ப் பிள்ளை மெஸ் சாப்பாட்டில் இளைக்கக் கூடாதென்று ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து, மாமி கையால் வத்தக்குழம்பு போடுவார். இரண்டாவது கரண்டி சாதத்தில், “லேப்டாப் எப்படி ஓடறது?” என்று கேட்பார்.

பெண்ணுக்குப் பொய் சொல்ல வரவில்லை. “படிப்புக்கு அவ்வளவா தேவைப்படலை அங்கிள். ராத்திரி நாங்க நாலு பேரும் உக்காந்து படம்தான் பாக்கோம்.”

மாமாவின் முகம் மலர்ந்தது.

“அதுக்குத்தான் அப்பவே 15.6 இன்ச் எடுக்கச் சொன்னேன்.”