ஓடிவந்த ராஜாவின் ரசீதுகள்

1689ஆம் ஆண்டு. அண்ணன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றுவிட்டார். தலைநகர் ராய்கட் பறிபோனது. தம்பி ராஜாராம் பன்ஹாலாக் கோட்டையிலிருந்து மாறுவேடத்தில் தப்பினார். கேளடி ராணி சென்னம்மாவின் தயவில் கன்னட நாட்டைக் கடந்தார். பெங்களூர், வேலூர் வழியாகச் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். நல்ல சாலை கிடையாது. முதுகுக்குப் பின்னால் முகலாயப் படை. ஆனாலும் வந்துவிட்டார்.

2006-07 ரயில்வே பட்ஜெட்டில் திண்டிவனம் - செஞ்சி - திருவண்ணாமலை பாதைக்கு அனுமதி கிடைத்தது. சுமார் 70 கிலோமீட்டர். அடிக்கல் நட்டார்கள். மாலை போட்டுக்கொண்டார்கள். ரயில் இன்னும் செஞ்சிக்கு வரவில்லை. ஔரங்கசீப் துரத்தவில்லை அல்லவா, அவசரமில்லை.

ரயிலை விடுங்கள். அது நமக்குப் பழகிவிட்டது. ராஜாவின் காகிதங்களைப் பற்றிப் பேசுவோம்.

ராஜாராம் செஞ்சிக்கு வந்தது சுற்றுலாவுக்கு அல்ல. எட்டாண்டுக்கு மேல் மராட்டிய அரசு இங்கிருந்துதான் நடந்தது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்துக்குள் ஒரு பேரரசின் தலைநகர் இருந்தது. தலைநகர் என்றால் என்ன? காகிதம். ஆணை, மானியம், வாக்குறுதி, கடன் பத்திரம். கஜானா காலி என்பதால் காகிதம் இன்னும் கூடுதல்.

ஒரு சாம்பிள். 1691 ஜூனில் ஹனுமந்தராவ் கோர்படே என்ற தளபதிக்குச் செஞ்சியிலிருந்து ஓர் ஆணை போனது. மொத்தம் ஆறு லட்சம் தருவதாக வாக்கு. எப்போது? ராய்கட், பிஜப்பூர், பாகாநகர் (ஐதராபாத்), ஔரங்காபாத் ஆகியவற்றைப் பிடிக்கப் பிடிக்கத் தவணை தவணையாக. டில்லியைப் பிடித்ததும் மீதி. இதை எழுதியபோது ராஜா செஞ்சி மலையில் முற்றுகைக்குள் இருந்தார். கீழே முகலாயத் தளபதி சுல்பிகர் கானின் படை கூடாரமடித்திருந்தது. 1700இல் ராஜாராம் இறந்துபோனார். டில்லி வரவில்லை. தேர்தல் அறிக்கையை இந்த மண்ணில் கண்டுபிடித்தது யார் என்று கட்சிகள் சண்டை போடவே வேண்டாம். ஆதாரம் இருக்கிறது.

ஆனால் அந்த ஆதாரம் செஞ்சியில் இல்லை. மராட்டிய வரலாற்றாசிரியர்கள் தேடியெடுத்து, அச்சிட்டு, வாதம் செய்து, அடிக்குறிப்பும் போட்டு முடித்துவிட்டார்கள். ராஜா செஞ்சிக்கு வந்த பயணத்தைக் கேசவ பண்டிதர் சமஸ்கிருதத்தில் 'ராஜாராம சரிதம்' என்று காவியமாக எழுதினார். அதை வா. சீ. பேந்த்ரே 1931இல் புணேயில் பதிப்பித்தார். புணே ஆவணக் காப்பகத்தில் மோடி என்னும் பழைய மராட்டி எழுத்தில் காகிதங்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன.

அடுத்து விற்பனை. 1690இல் கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். வாங்கியவர் சென்னைக் கவர்னர் எலிஹூ யேல். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தாரே, அவர்தான். கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கியைச் சுடு, குண்டு போய் விழும் தூரம்வரை உன்னுடையது. சுட்டார்கள். அந்த வட்டத்துக்குள் சிக்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. பட்டா மாறுதலுக்கும் சர்வேயருக்கும் மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் பெருமூச்சு விடலாம். வெடிச் சத்தம் அடங்குவதற்குள் அளவை முடிந்தது.

குண்டு விழுந்த ஊர்க்காரனிடம் யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. ஆனால் சுட்டவன் எழுதி வைத்தான்.

1693இல் புதுச்சேரி. குடியிருந்தவர் பிரெஞ்சுக்காரர், வாங்கியவர் டச்சுக்காரர், விற்றவர் செஞ்சி ராஜா. இந்தக் கூத்தை உள்ளிருந்து பார்த்த பிரெஞ்சுத் தலைவர் பிரான்சுவா மார்த்தேன் விடாமல் குறிப்பெழுதினார். அது பாரீசில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. டச்சுக் கம்பெனியின் காகிதங்கள் ஹேக் நகரில் பத்திரமாக இருக்கின்றன. ஆங்கிலேயர் காகிதங்கள் லண்டனில். மிச்சம் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில்.

விற்றவர் ஓடிவிட்டார். வாங்கியவன் ரசீதை வைத்திருக்கிறான். விற்கப்பட்ட நம்மிடம் ஒரு நகல்கூட இல்லை.

விழுப்புரம் 1993இல் தனி மாவட்டமானது. பழைய பைல் என்றால் கடலூரைக் கைகாட்டுவார்கள். அதற்கும் பழையது என்றால் எழும்பூர். எழும்பூருக்குப் போனால் நீ ஆய்வாளன்தானா என்பதற்கு அத்தாட்சிக் கடிதம் வேண்டும். செஞ்சிக்காரன் என்பது அத்தாட்சி ஆகாது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டிய ராணுவக் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் 11 மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது செஞ்சி. உடனே நாம் என்ன செய்தோம்? அறிக்கை விட்டோம். இது மராட்டியர் கோட்டையா, ஆனந்தக் கோன் கட்டிய தமிழன் கோட்டையா என்று முழங்கினோம். நியாயமான கேள்விதான். ஆனால் கோட்டையின் பழைய காகிதம் எங்கே என்று முழங்கியவர்கள் யாரும் கேட்கவில்லை. ராஜா யாருடையவர் என்பதில் ரோஷம். ராஜா என்ன கையெழுத்துப் போட்டார் என்பதில் அக்கறை பூஜ்யம்.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைப் படியேறிப் பாருங்கள். களஞ்சியச் சுவரில், மண்டபத் தூணில், கை எட்டும் உயரமெல்லாம் எழுத்து. ஆணியால் கீறிய இதயம், அம்பு, இரண்டு பெயர், ஒரு தேதி. கீழே நுழைவாயிலில் தொல்லியல் துறையின் நீலப் பலகை. சேதப்படுத்தினால் சட்டப்படி இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். தண்டனை அனுபவித்துத் திரும்பிய காதலர் எவரையும் நான் சந்தித்ததில்லை. செஞ்சியில் நாள்தோறும் வளர்கிற ஒரே ஆவணக் காப்பகம் அந்தச் சுவர்தான்.

நம்மவர்களுக்கு ஆவணம் காக்கத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். அபாண்டம். இன்றைய ராஜாக்கள் இந்தப் பக்கம் வந்துபோகட்டும், பார்க்கலாம். எத்தனை மணிக்குப் புறப்பாடு, எந்த வண்டி முன்னால், எந்த வண்டி பின்னால், எங்கே பொன்னாடை, எங்கே மதிய உணவு, எல்லாம் அச்சில் வரும். திண்டிவனத்தில் குடித்த டீக்கும் ரசீது இருக்கும். பயணப்படிப் பட்டியல் மூன்று பிரதி. ஒரு பிரதி தொலைந்தாலும் ஆபீசே கவிழ்ந்துவிடும். பணம் திரும்ப வரும் பயணம் என்றால் நம்மைப்போல் ஆவணம் காப்பவர்கள் உலகில் இல்லை. ராஜாராம் பயணப்படி கேட்டு விண்ணப்பித்திருந்தால் அவருடைய பைலும் இந்நேரம் விழுப்புரத்தில் பீரோவுக்குள் பத்திரமாக இருந்திருக்கும்.

முடியாத காரியமா இது? இல்லை. தஞ்சாவூரைப் பாருங்கள். சரஸ்வதி மகால் நூலகத்தில் மோடி ஆவணங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி 1989இல் மூன்று தொகுதிகளாகவே வெளியிட்டது. அரண்மனை அடுப்படிச் செலவு வரைக்கும் இன்று தமிழில் படிக்கலாம். அதைச் செய்தவர்களும் அரசுச் சம்பளக்காரர்கள்தாம். அதற்கு யுனெஸ்கோ பட்டமும் தேவைப்படவில்லை.

செஞ்சியைப் பற்றி உருப்படியான சரித்திர நூலை சி. எஸ். ஸ்ரீனிவாசாச்சாரி எழுதினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்டது. ஆங்கிலத்தில். தமிழனுக்குத் தேசிங்குராஜன் கதைப்பாட்டு போதும் என்று முடிவு செய்துவிட்டோம். குதிரை இருக்கிறது, வீரம் இருக்கிறது, உடன்கட்டை இருக்கிறது. ரசீது இல்லை. ரசீது இருந்தால் கேள்வி வரும். எந்த ஊரை, எவ்வளவுக்கு, யாரைக் கேட்டு விற்றாய் என்று கேட்க வேண்டிவரும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் 1690ஓடு நிற்குமா? அதுதான் பயம்.

கேட்பது பெரிதல்ல. கோட்டை அடிவாரத்தில் ஓர் அறை. புணே, தஞ்சாவூர், எழும்பூர், லண்டன், ஹேக், பாரீஸ் ஆகிய ஊர்களிலிருந்து செஞ்சி சம்பந்தப்பட்ட காகிதங்களின் நகல்கள். மோடி படிக்கத் தெரிந்த ஒரே ஒரு ஆள், நிரந்தர வேலையில். பக்கத்தில் தமிழாக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அத்தாட்சிக் கடிதம் இல்லாமல் அனுமதி. ஒரு வரவேற்புக் கூட்டத்தின் பந்தல், மின்விளக்கு, பேனர் செலவில் இதைத் தொடங்கிவிடலாம்.

அடுத்த தேர்தலில் யாராவது செஞ்சி மேடையேறி 'மாமன்னர்' என்று ஆரம்பித்தால் குறுக்கிட்டு ஒன்று கேளுங்கள்: அந்த மன்னரின் காகிதம் ஒன்றாவது இந்த ஊரில் இருக்கிறதா? பதில் வரும்வரை கைதட்டாதீர்கள்.