ஊசி போடாத டாக்டர்

எஸ்.டி.பி.எம். முடித்த தங்கை மகன், அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான யூபியூ விண்ணப்பத்தில் முதல் தெரிவாக மலாயாப் பல்கலைக்கழகத்தின் 'கெஜுருத்தெராஆன் பயோபெருபாத்தான்' என்று போட்டான். உயிர்மருத்துவப் பொறியியல். குடும்பத்தின் காதில் விழுந்ததோ 'பெருபாத்தான்', அதாவது மருத்துவம், மட்டும்தான். அன்று மாலையே கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பூக்கடை வரைக்கும் செய்தி போய்விட்டது: "பையன் டாக்டருக்குப் போறான்!"

மெரிட் கணக்கு எளிது. தேர்வுக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10. ஸ்கவுட்டில் கயிறு முடிந்ததற்குப் புள்ளி உண்டு. அவனுக்காகப் பாட்டி பால்குடம் எடுத்ததற்கு இல்லை. பாட்டிக்கு அதில் இன்னமும் வருத்தம்.

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பெரிய மாமா விசாரணையைத் தொடங்கினார்.

"தம்பி, ஊசி போடுவியா?"

"இல்ல மாமா."

"ஆபரேஷன்?"

"இல்ல மாமா. செயற்கைக் கால், டயாலிசிஸ் மெஷின், அந்த மாதிரி செய்யறது."

மாமா யோசித்தார். ஏற்கெனவே கெட்டிப்பால் மிதந்த தே தாரிக்கில் இன்னொரு கரண்டி சீனியைப் போட்டுக் கலக்கினார்.

"நல்ல படிப்புதான்லா. கொஞ்சம் சீக்கிரமா முடி."